கூண்டும் மீன்முள்ளும்

அத்தியாயம் ஐந்து

இன்ஸ்பெக்டர் என்னை அறைந்தபோது மணி ஒன்று பத்து. அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், அடி விழுந்த வேகத்தில் என் முகம் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

அறை வாங்கும் அளவுக்கு நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. லாக்கப்பில் இருந்த டெக்னீஷியனின் வலது கையில் மூன்று விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. "இந்த விரலை வச்சுக்கிட்டு எப்படி சார் வாக்குமூலத்துல கையெழுத்து போடுவாரு? கால் கட்டைவிரல்லயா?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

"மேடம், இவனை வெளியில அனுப்புங்க. இல்ல, உள்ளே போட்டுடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்பீக்கர், வெளியில போய் நில்லு" என்றார் ஒயர்லெஸ்.

ஸ்பீக்கர் நான்தான். வாய் ஓயாததால் வந்த பெயர். ஒயர்லெஸ் என் முதலாளியம்மா. போலீஸ் ஒயர்லெஸ் பிரிவில் பதினெட்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர். ஒருநாள் அந்த ஹெட்போனை மேலதிகாரியின் மேஜையில் வீசிவிட்டு வந்து துப்பறியும் ஆபீஸ் திறந்தார். ஆபீஸ் திறந்த நாளிலிருந்து நான் அவரிடம் வேலை செய்கிறேன், அடியும் வாங்குகிறேன். பெரும்பாலும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

வெளியே பெஞ்சில் டெக்னீஷியனின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் தேய்த்து மடித்த ஒரு சட்டை.

"கோர்ட்டுக்குப் போட்டுட்டுப் போகவாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. வீட்டுக்கு வர்றப்ப போட்டுக்க. மேல இருக்கிறது கிழிஞ்சிருச்சாம்." சட்டையின் மடிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கலேன்னா என்னையும் உள்ளே கொண்டு வருவாங்களாம். அப்படிச் சொன்னா அவரு செய்யாததையும் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்துடுவாருங்க. எனக்கு அவரைத் தெரியும்."

நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். மின்சாரத்தில் ஓடும் எந்த மெஷினும் கொஞ்சம் ரேடியோ அலையைக் கசியவிடும். கசிவு அதிகமானால் பக்கத்து மெஷினுக்குப் புத்தி தடுமாறும். அந்தக் கசிவை ஆன்டெனா வைத்து அளந்து பாஸ், ஃபெயில் போடும் பரிசோதனைக் கூடம் ஒன்று தொழிற்பேட்டையின் கடைசியில் இருக்கிறது. அங்கே சேம்பர் என்று ஓர் இரும்பு அறை. முந்தாநாள் பகல் பதினொன்றரைக்கு, ஆன்டெனா மாட்டுகிற நம் டெக்னீஷியன் அதற்குள் போனார். போன வேகத்தில் அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

உள்ளே, ஆன்டெனா கம்பத்தின் காலடியில், இளம் வயது டெஸ்ட் இன்ஜினீயர் கிடந்தார். பின்மண்டை உள்வாங்கியிருந்தது. தாடை இடம் மாறியிருந்தது. தடுக்கப் பார்த்த கைகள் இரண்டும் முழங்கைக்குக் கீழே நொறுங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு பெரிய ரெஞ்ச். டெக்னீஷியனின் ரெஞ்ச். அதில் டெக்னீஷியனின் கைரேகை. அவருடைய ரெஞ்சில் அவர் கைரேகை இல்லாமல் என் பெரியப்பா கைரேகையா இருக்கும்?

ஆனால் மேனேஜர் கொடுத்த வாக்குமூலம் இரும்புக் கதவு மாதிரி இருந்தது. பத்து மணியிலிருந்து பதினொன்று வரை அவரே கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து டெஸ்ட் ஓட்டினாராம். பாதியில், பத்தரைக்கு, ஆன்டெனாவை மாற்ற சேம்பருக்குள் போனாராம். அப்போது உள்ளே பிணமும் இல்லை, பிரச்சினையும் இல்லை. பதினொன்றிலிருந்து ஆறு பேரோடு மீட்டிங். ஆக, கொலை பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் சேம்பர் பக்கம் இருந்தது டெக்னீஷியன் ஒருவர்தான். சேம்பர் சுவருக்கு அந்தப் பக்கம், ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்து காலையிலிருந்து கேபிள் துடைத்துக்கொண்டிருந்தார். சாட்சி, அந்தக் கேபிள்கள்.

செத்த நேரத்தை டாக்டர் ஒன்பதரையிலிருந்து பதினொன்றரைக்குள் என்று எழுதியிருந்தார். டாக்டருக்குத் தாராள மனசு.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். டெக்னீஷியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவது கேட்டது.

"அவரு இன்ஜினீயருங்க. நான் சும்மா ஆன்டெனா மாட்டறவன். ஆனா ஒருநாள்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு. நான் போய் அவரை..." அதற்கு மேல் அழுகை.

ஒயர்லெஸ் கம்பிக்கு அருகே குனிந்து அவர் காதில் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார். டெக்னீஷியன் அழுகையை நிறுத்திவிட்டு விழித்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். அடுத்து ஒயர்லெஸ் இன்ஸ்பெக்டரிடம் போய் நீண்ட நேரம் பேசினார். இன்ஸ்பெக்டர் முதலில் சிரித்தார், அப்புறம் மேஜையைத் தட்டினார், கடைசியில் தொப்பியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவர் காதுல என்ன நம்பர் மேடம் சொன்னீங்க?"

"காலையில கொடுத்த பேனா பத்திரமா இருக்கா?"

என் சட்டைப் பையில் தடியாக ஒரு பேனா. காலையில் அவரே செருகிவிட்டது. "இருக்கு. ஆனா எழுதவே மாட்டேங்குது."

"எழுத வேணாம். தொலைக்காம இரு, போதும்."

*

ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒயர்லெஸ், சிக்னலில் நின்றபோது என் தோளுக்கு மேலாக இரண்டு காகிதங்களை நீட்டினார். இரண்டிலும் கோணல்மாணலாகக் கோடுகள்.

"இது கொலைக்கு முந்தின நாள் அந்த இன்ஜினீயரே எடுத்த கிராஃப். 'அண்ணே, பத்திரமா வச்சுக்குங்க'ன்னு டெக்னீஷியன்கிட்ட கொடுத்திருக்காரு. அவரு சம்சாரம் கொண்டு வந்தாங்க. இன்னொண்ணு கொலை நடந்த அன்னிக்கு மேனேஜர் எடுத்தது, போலீஸ் ஃபைல்ல இருந்துச்சு. ரெண்டும் ஒரே மெஷின். ஆபரேஷன் தியேட்டர்ல வைக்கிற மருந்து பம்ப். வித்தியாசம் தெரியுதா?"

முதல் காகிதத்தில் இடது பக்கம் ஓர் இடத்தில் கோடு ஊசி மாதிரி மேலே எழும்பியிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் 'ஃபெயில்' என்று கையெழுத்து. இரண்டாவதில் அதே இடம் வழுக்கைத் தலையாக இருந்தது.

"ஊசியைக் காணோம்."

"காணோம். அந்த ஊசி நூத்திப் பத்து மெகாஹெர்ட்ஸ்ல இருக்கு. அங்கே வேலை செய்யறவங்க ஆன்டெனாவுக்கெல்லாம் பேர் வச்சிருக்காங்க. ரெண்டு கம்பிக் கூடையை முகத்தோட முகம் வச்ச மாதிரி ஒண்ணு இருக்கும், அது கூண்டு. முப்பதுலேர்ந்து முந்நூறு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அதுக்குக் காது நல்லாக் கேக்கும். நடுவுல தண்டு, ரெண்டு பக்கமும் குச்சி குச்சியா இன்னொண்ணு. அது மீன்முள். முந்நூறுலேர்ந்து ஆயிரம் வரைக்கும் அது ராஜா. அதுக்குக் கீழே போனா அரைச் செவிடு."

"என் மாமியார் மாதிரி. பாத்திரம் உருண்டா கேக்காது. நான் முணுமுணுத்தா கேக்கும்."

"அதனாலதான் டெஸ்ட்ல பாதியில ஆன்டெனாவை மாத்தணும். கீழ்ப் பாதிக்குக் கூண்டு, மேல் பாதிக்கு மீன்முள். எந்த அலைக்கு எந்த ஆன்டெனான்னு தெரியாதவன் இந்த வேலைக்கே வர முடியாது." பச்சை விழுந்தது. "இன்னொரு விஷயம். அந்தப் பம்ப் கம்பெனி மேனேஜரோட தங்கச்சி புருஷனுது."

வண்டியை எடுத்தேன். கன்னம் இன்னும் எரிந்தது. மணி மூன்றே கால்.

*

கொலைக்குப் பிறகு கூடத்தை மூடி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு வாட்ச்மேன், உள்ளே மேனேஜர், வேறு யாரும் இல்லை. மேனேஜர் நல்ல உயரம். ஷட்டில் ஆடுகிறவர் மாதிரி நீளமான கைகள். எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், ஏசியைக் கூட்டினார்.

"அந்த ஆளைத் தூக்குல போடணும் மேடம். என் பையன் மாதிரி வளர்த்தேன் இன்ஜினீயரை."

"அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார் ஒயர்லெஸ், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். "டெக்னீஷியனோட வக்கீல் உங்க வாக்குமூலத்துல நொட்டை சொல்லப் போறாரு. பத்தரைக்கு நீங்க உள்ளே போய் ஆன்டெனா மாத்தினதை நாங்க கண்ணால பார்த்துட்டா, அவரு வாயை அடைச்சிடலாம். ஒரு தடவை மாத்திக் காட்டறீங்களா? ஸ்பீக்கர், போன்ல டைம் வை."

மேனேஜருக்கு அது பிடித்திருந்தது. கன்ட்ரோல் ரூமில் ஒரு பொத்தானை அமுக்கிக் கம்பத்தைக் கீழே இறக்கினார். சேம்பர் கதவைத் திறந்தார். பேங்க் லாக்கர் கதவு அதற்கு முன்னால் தட்டி மாதிரி இருக்கும்.

உள்ளே காலை வைத்ததும் என் காது அடைத்தது. சுவர், கூரை, எங்கே பார்த்தாலும் முழம் நீளத்துக்குக் கறுப்பு ஸ்பாஞ்ச் கூம்புகள் எங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. பேசினால் பேச்சு வாயை விட்டுப் போகும் முன்பே செத்துவிடுகிறது. ஒரு மூலையில் தரையோடு தரையாக வட்டமான சுழல் மேடை. அதன் மேல் மரமேஜை, மேஜையில் மருந்து பம்ப். எதிரே கம்பம். கம்பத்தின் காலடியில், கழுவியும் போகாத ஒரு பழுப்புக் கறை. மேலே கேமரா இருந்த இடத்தில் வெறும் ஒயர் தொங்கியது.

"போன்ல சிக்னல் போயிடுச்சே" என்றேன்.

"எந்த அலையும் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அதுதானே சேம்பர்" என்று மேனேஜர் பெருமையோடு சொன்னார்.

கம்பத்தில் மீன்முள் இருந்தது. அவர் கேபிளைக் கழற்றினார், திருகைத் தளர்த்தினார், மீன்முள்ளை இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். பெட்டியிலிருந்து கூண்டை எடுத்து மாட்டினார், முறுக்கினார், கேபிளைத் திருகினார். கை தேர்ந்த வேலை. அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கறையின் நினைவு வந்தது.

"ஆறு நிமிஷம் இருபது செகண்ட்" என்றேன்.

"நான் வேகம். டெக்னீஷியன்னா பத்து நிமிஷம் உருட்டுவான்."

ஒயர்லெஸ் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "அன்னிக்கு இன்னும் வேகமா இருந்திருக்கீங்க. உங்க கம்ப்யூட்டர் எழுதி வச்சது இது. கீழ்ப் பாதி முடிஞ்சது பத்து இருபத்தொன்பது. மேல் பாதி தொடங்கினது பத்து முப்பது. நடுவுல ஒரே நிமிஷம். அதுக்குள்ள கம்பத்தை இறக்கி, கதவைத் திறந்து, கழட்டி, மாட்டி, கதவை மூடி, கம்பத்தை ஏத்தி..."

"கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பா இருக்கும்."

"இருக்கலாம். கிராஃபும் தப்பா இருக்குமா? முந்தின நாள் நூத்திப் பத்துல ஊசி மாதிரி நின்ன கசிவு அன்னிக்கு இல்ல."

"பம்பைச் சரி பண்ணிட்டாங்க."

"இன்ஜினீயர் ஒட்டின சீல் இதோ, பம்ப் மேல அப்படியே இருக்கு. அவரு கையெழுத்து, முந்தின நாள் தேதி. திறக்காமலே சரி பண்ண என்ன மந்திரமா போட்டாங்க?" ஒயர்லெஸ் கம்பத்தின் காலடியைக் காட்டினார். "நீங்க ஆன்டெனாவை மாத்தவே இல்ல. மீன்முள்ளை வச்சே முழு டெஸ்டையும் ஓட்டினீங்க. ஸ்கிரீன்ல மட்டும் 'கூண்டு'ன்னும் 'மாத்தியாச்சு'ன்னும் போட்டீங்க. பம்போட கசிவு அதுக்குக் கேக்கல. சோம்பேறித்தனம்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது. ஆன்டெனாவை மாத்தணும்னா இந்தக் கம்பத்துக்கிட்ட வரணும். இங்கே வரணும்னா ரத்தத்தை மிதிக்கணும். பத்து மணிக்கே இவரு இங்கே செத்துக் கிடந்தாரு."

மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"வெளியில போய்ப் பேசுவோம்" என்று கதவை நோக்கி நடந்தார்.

நல்ல மனிதர் என்று நினைத்தேன். அவர் வெளியே போகவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினார். கதவு புஸ்ஸென்று காற்றிழுத்துக்கொண்டு மூடியது. கைப்பிடியை மேலிருந்து கீழே அடித்து இறக்கினார். அதே வேகத்தில் குனிந்து, சுவரோரம் இருந்த மீன்முள்ளை எடுத்தார்.

முதல் வீச்சு எனக்கு. பத்துப் பதினைந்து உலோகக் குச்சிகள் காதிலிருந்து தாடை வரை உழுதுகொண்டு போயின. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது. நான் கறுப்புக் கூம்புகளின் மேல் போய் விழுந்தேன். அவை பட்பட்டென்று ஒடிந்து வாயெல்லாம் கரி.

இரண்டாவது வீச்சு ஒயர்லெஸ்ஸுக்கு. தோள்பட்டை எலும்பு முறிகிற சத்தம் அந்தச் சத்தமில்லாத அறையிலும் கேட்டது. விழுந்தவரின் வயிற்றில் ஒரு உதை. இன்னொன்று. நான் எழுந்து மேனேஜர் முதுகில் பாய்ந்தேன். முழங்கையால் ஒரே ஒரு இடி. என் முன்பல் ஒன்று என்னைக் கேட்காமலே வெளியே வந்தது.

"யாராவது வாங்க! கொல்றான்! வாட்ச்மேன்!"

"கத்து" என்றார் மேனேஜர். மூச்சு வாங்கியது. "நல்லாக் கத்து. இங்கேருந்து எதுவும் வெளியில போகாது."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது நான் அழுதேன். "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார். ஆன்டெனா, கிராஃப் எல்லாம் இந்தம்மா கண்டுபிடிச்சது. நான் ஸ்கூட்டர் ஓட்டறவன் சார்!"

தரையில் கிடந்த ஒயர்லெஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டு மேனேஜரிடம் கேட்டார். "தங்கச்சி புருஷனுக்காகவா?"

"ஒரு காகிதம்!" மேனேஜர் கத்தினார். "ஒரே ஒரு காகிதத்துல பாஸ்னு போடச் சொன்னேன். என் தங்கச்சி குடும்பமே அந்தப் பம்பை நம்பித்தான் இருக்கு. ஆபரேஷன் நடக்கறப்ப பக்கத்து மானிட்டர் பொய் சொல்லும் சார், ஆள் செத்துடுவான் சார்னு எனக்கே பாடம் எடுத்தான். ரெஞ்சை எடுத்தது பயமுறுத்தத்தான். ஒரு அடி. விழுந்தவன் கிடக்க வேண்டியதுதானே? எந்திரிச்சான். கையை நீட்டித் தடுத்தான். அண்ணே, அண்ணேன்னு சுவரைப் பார்த்துக் கத்தினான்." அவர் சிரித்தாரா, விம்மினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எந்த அண்ணன் வந்தான்? சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேபிள் துடைச்சுக்கிட்டு இருந்தான் அந்த அண்ணன்! அவன் கத்தறதை நிறுத்தற வரைக்கும் அடிச்சேன். நிறுத்தினதுக்கு அப்புறமும் அடிச்சேன்."

அந்தக் கணத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. பதிலுக்கு வந்தது பச்சையான வெறி. தவழ்ந்துபோய் அவர் கெண்டைக்காலைக் கடித்தேன். ஒரு பல் குறைந்திருந்தாலும் மீதி ஒத்துழைத்தன. அவர் அலறிக்கொண்டே பின்வாங்கிச் சுழல் மேடையில் ஏறி நின்றார். மீன்முள்ளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். குச்சிகளின் நுனிகள் என் கண்களைப் பார்த்தன.

அப்போது அந்த அறையில் ஒரு புதுச் சத்தம் கேட்டது.

ர்ர்ர்ர்.

கம்பத்தில் இருந்த கூண்டு தானாக மேலே ஏற ஆரம்பித்தது. ஓர் ஆள் உயரம் போனது. நின்றது. மறுபடியும் இறங்கியது. மறுபடியும் ஏறியது.

மேனேஜர் அப்படியே நின்றார். தூக்கிய கை தூக்கியபடி. கம்பத்தை ஏற்றி இறக்கும் பொத்தான் கன்ட்ரோல் ரூமில் இருக்கிறது. அங்கே யாரோ இருக்கிறார்கள்.

"கூண்டுக்கு நல்லாக் காது கேக்கும்னு சொன்னேனே" என்றார் ஒயர்லெஸ் தரையிலிருந்து. "நீங்களே மாட்டி, நீங்களே முறுக்கினீங்க. கேபிள் நேரா வெளியிலதான் போகுது."

மேனேஜர் கதவை நோக்கி ஓட அடி எடுத்தார். அதற்குள் அவர் காலடியில் சுழல் மேடை வெடுக்கென்று சுழன்றது. நிலை தவறினார், மேஜை சாய்ந்தது, மருந்து பம்ப் அவர் மார்பில் விழுந்தது. அவர் கையிலிருந்த மீன்முள்ளின் மேலேயே முகம் குப்புற விழுந்தார். குச்சிகளில் இரண்டு கன்னத்தைத் துளைத்து உள்ளே போயின. அவர் போட்ட அலறலை அந்த அறை பாரபட்சமில்லாமல் விழுங்கியது.

வெளியே எங்கோ காற்று பீய்ச்சும் ஓசை. கதவு திறந்தது. துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

இன்ஸ்பெக்டர் முதலில் மேனேஜரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ வெறும் ஸ்கூட்டர் ஓட்டறவனாடா?"

"அது உங்களுக்கு எப்படி..."

ஒயர்லெஸ் நல்ல கையை நீட்டி என் பையிலிருந்த பேனாவை உருவினார். "எஃப்.எம். மைக். தொண்ணூத்தி நாலு மெகாஹெர்ட்ஸ். கன்ட்ரோல் ரூம்ல இருக்கிற ரிசீவர்ல ஒரு ஸ்பீக்கரும் உண்டு, இரைச்சலைக் காதால கேக்கறதுக்கு. டெக்னீஷியன் காதுல சொன்ன நம்பர் அதுதான். மீன்முள் இருந்திருந்தா கேட்டிருக்கலாம், வெறும் கரகரப்பாவும் போயிருக்கலாம். ஒருத்தர் உயிரை வச்சுக்கிட்டு அந்தப் பந்தயம் கட்ட முடியாதுன்னுதான் கூண்டை மாட்ட வச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்!"

"சொன்னா ஊருக்கே சொல்லியிருப்பே."

"நான் பல் போய்க் கத்தறதைக் கேட்டுக்கிட்டு ஏன் சார் வெளியில நின்னீங்க?" இது இன்ஸ்பெக்டருக்கு.

"உள்ளேருந்து பூட்டியிருந்தான்யா. காத்து வால்வைத் திறக்கணும்னு இவருதான் சொன்னாரு. இந்த விரலை வச்சுக்கிட்டு இவரே திறந்தாரு." இன்ஸ்பெக்டர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் திறக்கப் போனேன். எனக்குத் திறக்கத் தெரியல."

அப்போதுதான் வாசலில் நின்ற டெக்னீஷியனைப் பார்த்தேன். விலங்கு மாட்டிய கைகள். வீங்கிய மூன்று விரல்களில் தோல் உரிந்து ரத்தம் சொட்டியது. அந்த விரல்களால்தான் ரிசீவரைத் திருகியிருக்கிறார், கம்பத்தை ஏற்றி இறக்கியிருக்கிறார், மேடையைச் சுழற்றியிருக்கிறார். மணி நான்கு நாற்பது.

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். தட்டச்சு செய்த வாக்குமூலம். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. நான்காகக் கிழித்து மறுபடியும் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு விலங்கின் பூட்டைத் திறந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. எனக்கு அவர் மேல் இன்றைக்கும் கோபம்தான்.

டெக்னீஷியன் விலங்கு கழன்றதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஜீப்பில் கூடவே வந்திருந்த அவருடைய மனைவி வராந்தாவில் சட்டையோடு ஓடி வந்தார். அவரையும் கவனிக்கவில்லை. மெதுவாக உள்ளே வந்து கம்பத்தின் பக்கம் நின்றார். கறையைப் பார்த்தார். பிறகு அதற்கு நேர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஸ்டோர் ரூம்.

"மேடம்" என்றார். "ஸ்பீக்கர்ல கேட்டேன். அவரு என்னைத்தான் கூப்பிட்டாரா?"

ஒயர்லெஸ்ஸுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் தெரியும். இதற்கு அவர் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

"எட்டு அடி" என்றார் டெக்னீஷியன். "எட்டே அடி. நான் ரேடியோ வச்சுப் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன்." முகம் கோணியது. சத்தமில்லாமல் அழுதார். மனைவி வந்து சட்டையை அவர் தோளில் போர்த்தினார். இருவரும் அப்படியே நின்றார்கள்.

மேனேஜரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் சீல் வைக்க அரக்கும் மெழுகுவர்த்தியுமாக வந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். "எல்லாரும் வெளியில வாங்க. கதவை மூடணும்."

டெக்னீஷியன் நிமிர்ந்தார். நடந்துபோய் வாசற்படியில் நின்றுகொண்டார். ரத்தம் சொட்டும் கையால் அந்தப் பெரிய கதவைப் பிடித்தார்.

"கொஞ்ச நேரம் மூடாதீங்க சார்" என்றார். "திறந்தே இருக்கட்டும்."

கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அரக்கைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். நான்கூட வாயைத் திறக்கவில்லை.